பாலை மரத்தில் இறங்கிய இரும்பு

விழுப்புரத்தில் ஓக் மரம் கிடையாது. திண்டிவனத்திலும் கிடையாது. இமயமலைச் சரிவுகளில் குளிரிலும் பனிமூட்டத்திலும் வளர்கிற மரம் அது. ஆனாலும் ஓக் காடுகளின் மேலாண்மையும் ஆராய்ச்சியும் என்ற தலைப்பில் ஓர் அறிவியல் மாநாடு, பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற நாட்களில், விழுப்புரத்தில் ஓர் ஓட்டல் ஹாலில் நடந்தது. நடத்திய மகராசி நான்தான்.

வருடா வருடம் ஏதாவது ஒரு மலையூரில் நடக்கிற மாநாடு. அந்த வருடம் நடத்துவதாக ஒப்புக்கொண்ட கல்லூரி கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. மாநாட்டுத் தலைவர் என் ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதியை வடக்கே ஓக் காட்டிலேயே கழித்த தமிழர். அவரிடம்தான் ஓக் மரங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினேன். பிறகு திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். "ஏம்மா, விழுப்புரம் பெரிய ஜங்ஷன்தானே? எல்லா ரயிலும் நிக்கும். ஒரு ஹால் பிடி, நாங்க வந்துடறோம்" என்று போனில் சொன்னார். சாரிடம் முடியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் ஒருவழியாகக் கழிந்தது. மலைப் பிரதேசத்து ஆராய்ச்சியாளர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் முகம் சிவந்து போனார்கள். ஹாலில் ஏ.சி.க்கு நேர் கீழே உள்ள நாற்காலிகளுக்கு அடிபிடி. திரையில் பனி படர்ந்த ஓக் காடுகள் வந்து போய்க்கொண்டிருந்தன. வெளியே புதுச்சேரி பஸ்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. என் மனம் இரண்டாம் நாளில் இருந்தது.

இந்த மாநாட்டில் இரண்டாம் நாள் காலை எல்லோரும் ஒரு காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். ஓக் இல்லாத ஊரில் எந்தக் காட்டுக்குப் போவது? "நீ ஏதோ ஒரு கோயில் காட்டுல வேலை செய்யறியே, அதைக் காட்டு. அவங்களும் பார்க்கட்டும்" என்றார் சார். பெருமைப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது.

அந்தக் காடு கிளியனூருக்கு அப்பால், உள்ளடங்கிய ஓர் ஊரில், மல்லாட்டை என்று இங்கே சொல்கிற வேர்க்கடலை வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. பச்சையம்மன் கோயில் காடு. காசா, வீரை, பாலை என்று இந்த மண்ணுக்கே உரிய மரங்கள் வெட்டுப்படாமல் நிற்கிற இடம் இந்தப் பக்கத்தில் இப்போது அரிது. அங்கே எந்த மரம் எவ்வளவு வளர்கிறது, எந்தக் கன்று பிழைக்கிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று இருக்கிற ஒரே ஆராய்ச்சி அதுதான். அதற்கு அரசாங்கத்து அனுமதிச் சீட்டு ஏதும் கிடையாது. ஊர் வரலாம் என்றால் வரலாம், வேண்டாம் என்றால் அதோடு சரி.

ஊர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. காட்டுக்குள் இரும்பு போகக்கூடாது. அருவாளோ மண்வெட்டியோ எதுவானாலும் எல்லைக் கல்லுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். மரத்தின் சுற்றளவை எடுக்க நான் தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப்பைத்தான் கொண்டுபோவேன். கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வண்டியில் வைத்துவிடுவேன். என்னைப் பார்த்து ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள்.

காட்டைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு வருடத்துக்கு ஒரு வீடு என்று ஊரைச் சுற்றி வரும். அதற்கு முறை என்று பெயர். முறை வீட்டுப் பெண்தான் சித்திரைத் திருவிழாவில் முதல் பொங்கல் பானையைத் தலையில் சுமந்து காட்டுக்குள் போவாள். காட்டில் தப்பு ஏதும் நடந்தால் அந்த வீடுதான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வருடம் முறை, நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒரு பெண்மணியின் வீட்டுக்கு வந்திருந்தது. ஐம்பதை நெருங்கியவர். காட்டை ஒட்டியே அவருக்குச் சொந்த நிலம். போன சுற்றில் முறை வந்த வருடம் அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்து, தீட்டு என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. வாழ வந்த நாளிலிருந்து அவர் தலையில் அந்தப் பானை ஏறியதே இல்லை. இந்த வருடம் ஏறப்போகிறது. வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுதான்.

மாநாட்டுக்காரர்களை அழைத்து வரலாமா என்று அவரிடம்தான் போய்க் கேட்டேன்.

"கூட்டிக்கினு வாங்க டீச்சர். படிச்சவங்க வர்றது நல்லதுதான. இரும்ப மட்டும் வெளியவே வெச்சிடச் சொல்லுங்க. திருவிழா கிட்ட வந்துடுச்சி, எம்மேல இன்னா ஏதுன்னு ஒரு சொல்லு வந்துடக்கூடாது" என்றார். வருகிறவர்களுக்கு மல்லாட்டை அவித்து எடுத்து வருவதாகவும் சொன்னார். இரும்பு உள்ளே வராது, அது என் பொறுப்பு அக்கா என்று பெரிய மனுஷியாட்டம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் காலை வேனில் எல்லோரும் கிளம்பினோம். திண்டிவனம் மேம்பாலம் இறங்கிப் புதுச்சேரி சாலையில் திரும்பியதும் நான் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரும்பு கூடாது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். பேனாக்கத்தி வைத்திருந்த ஒருவர் அதை எடுத்து இருக்கையிலேயே வைத்தார். வேறொருவர், அங்கே இருப்பதில் பெரிய மரத்துக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டார். ஒரு பாலை மரம் இருக்கிறது, அதன் வயது யாருக்கும் தெரியாது என்றேன். முன் இருக்கையில் இருந்த சார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓக் காட்டு ஆராய்ச்சியாளர்கள் பலருக்கும் உள்ளதுதான். பெரிய மரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. மரத்தின் வயதறிய அவர்கள் ஒரு கருவி வைத்திருப்பார்கள். போரர் என்போம். உள்ளே துளையுள்ள எஃகுத் திருகு. கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் மரத்தின் நடு வரைக்கும் போய், பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சியை வெளியே கொண்டுவரும். அதில் உள்ள வளையங்களை எண்ணினால் ஓக்கின் வயது தெரிந்துவிடும். நம் ஊர்க் காட்டு மரங்களில் வளையம் அப்படி ஒழுங்காக விழாது. வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கும் கிடையாது. இதைச் சாரே எனக்குப் பாடமாக நடத்தியிருக்கிறார்.

எல்லைக் கல்லருகே செருப்புகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வெயில் சட்டென்று மறைந்து நிழல் குளிர்ந்ததும் கூட்டம் அமைதியானது. எனக்குச் சற்றே தைரியம் வந்தது. முன்னால் நின்று காசா மரத்தின் பூவைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நன்றாகவே வந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிறீச், கொஞ்சம் இடைவெளி, மறுபடி கிறீச். ஓக் காட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் இளமை போனது. அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடினேன். சார் பாலை மரத்தில் மார்பைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திருகு பாதிக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது.

"சார், நிறுத்துங்க. இரும்பு கூடாதுன்னு வண்டியிலயே சொன்னேனே."

"அருவா, கோடாலியைத்தானேம்மா சொன்ன? இது மரத்தை வெட்டறதில்லையே. ஓக்ல போட்டா தானா ஆறிடும். ஒரு நிமிஷம் இரு, முடிஞ்சுது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அங்கே நின்றது வேறு யாராக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். சார் என்பதால், "வெளிய எடுங்க சார். இப்பவே எடுங்க" என்று மட்டும் சொன்னேன். என் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினார்.

திருகு அசையவில்லை.

பாலை மரம் ஓக் இல்லை. அந்தக் காலத்தில் உலக்கையும் செக்கும் செய்யத் தேடிப் போன மரம். அதன் வைரம் பாய்ந்த கட்டை எஃகைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. சார் மறுபடி திருப்பினார். இளம் ஆராய்ச்சியாளர்கள் இருவர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து முக்கினார்கள். ஒருவர் துண்டைக் கட்டி இழுத்தார். துண்டு கிழிந்தது. திருகைச் சுற்றிப் பட்டையிலிருந்து வெள்ளையாகப் பால் கசிய ஆரம்பித்தது. முதலில் துளியாக, பிறகு கோடாக, அடிமரம் வரைக்கும் வழிந்தது. பால் வடிகிற மரம் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அதைப் பார்க்க முடியவில்லை. அம்மன் காட்டில் மரம் பால் வடித்தால் இந்த ஊர் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்?

"சுத்தி உளியால கொஞ்சம் கொத்தி எடுத்துடலாமா?" என்று கிழிந்த துண்டுக்காரர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

வயலில் மல்லாட்டை பிடுங்குகிறவர்களின் பேச்சு மரங்களுக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவும் அங்கேதான் இருந்தார். எந்த நேரத்திலும் கூடையோடு வந்து நிற்பார். சார் கைப்பிடியைக் கழற்றிவிட்டார். ஒரு சாண் நீளத்துக்கு எஃகு மட்டும் மரத்திலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது. தணிந்த குரலில் என்னிடம் சொன்னார்: "இங்க பாரும்மா. இது மரத்துக்குப் பின்பக்கம். சாமி இருக்கிற பக்கத்துலேருந்து பார்த்தா தெரியாது. கொடியை இழுத்து மேல விட்டுடலாம். போகப் போக மரமே மூடிடும். மதியம் உன் கட்டுரை வேற இருக்கு. கிளம்பலாம்."

கிளம்பியிருக்கலாம். கொடியும் பக்கத்திலேயே தொங்கியது. சொன்னால் ஊர் என்னை மறுபடி உள்ளே விடாது. வருடக்கணக்கான வேலை அத்தனையும் மண்ணோடு மண். சொல்லாமல் போனால் ஒவ்வொரு மாதமும் இந்தப் பக்கம் வந்து, இந்த எஃகைக் கொடிக்குள் பார்த்துவிட்டு, வெளியே போய் அக்கா கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். அது என்னால் ஆகாது என்று தோன்றியது. இருந்த இடத்திலேயே இருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வயலைப் பார்த்து நடந்தேன். செருப்பு போட மறந்துவிட்டேன். வரப்பு கொதித்தது.

அக்கா வரப்பில் கல் கூட்டிய அடுப்பில் மல்லாட்டையை அவித்து வடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஆச்சி டீச்சர், இதோ எடுத்துக்கினு வர்றேன். அதுக்குள்ள பசி வந்துடுச்சா உங்க ஆளுங்களுக்கு?" என்று சிரித்தார். நான் அவரைத் தள்ளி அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரும்பு உள்ளே போனது, மரத்தில் இறங்கியது, திரும்ப வரவில்லை, பால் வடிகிறது, மறைத்துவிட்டுப் போகலாம் என்று சார் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்றார்.

"ஊர்ல யாருக்கும் தெரியாது அக்கா. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"எங்கிட்ட எதுக்கு வந்து சொன்ன?"

எனக்குப் புரியவில்லை. "மறைக்கக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தேன்.

"நீ சொல்லாம போயிருந்தீன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாம தூக்கினா அம்மன் என்னை ஒண்ணும் கேக்க மாட்டா. இப்ப தெரிஞ்சி போச்சி. தெரிஞ்சிக்கினே எப்படி நான் அந்தப் பானையத் தூக்குவேன்? சொல்லு. உனக்கு மனசுல இருந்தத இறக்கி எந்தலையில வெச்சிட்ட."

வரப்பில் நடந்து வந்தபோது என் அனுமதி, என் வேலை, என் மனச்சாட்சி என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பானையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பானையைப் பற்றி என்னிடம் அவர் பேசாத நாளே கிடையாது, என்றாலும் நினைக்கவில்லை.

அவர் என்னோடு காட்டுக்குள் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. மரத்தின் பின்பக்கம் போய் நீட்டிக்கொண்டிருந்த எஃகைப் பார்த்தார். வழிந்த பாலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டார். சார் முன்னால் வந்து கைகூப்பினார். "தப்பு என்னோடதும்மா. இவ எவ்வளவோ சொன்னா, நான்தான் கேக்கல. ஊர்ல நானே வந்து சொல்றேன்" என்றார். நிஜமாகவே சொன்னார். என் கோபம் அப்போதும் இறங்கவில்லை.

"நீங்க ஜல்தி கெளம்புங்க சார். உங்கள நிக்க வெச்சிக்கினு பேசினா ஆம்பளைங்களுக்கு வாய் நீளும். பேஜாராப் போயிடும். டீச்சர் மட்டும் இருக்கட்டும்" என்றார் அக்கா.

வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனது. மதியம் நான் படிக்க வேண்டிய கட்டுரையை யாரும் படிக்கவில்லை. அவித்த மல்லாட்டையை யாரும் தொடவில்லை. நான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சோறு போட்டார். தட்டை என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வெயில் சாய்கிற வரைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்படியே நின்றது.

மாலையில் கோயில் முன்பு ஊர் கூடியது. அக்கா சொல்லியனுப்பிய சேதி அதற்குள் பரவி, ஆண்கள் நாலைந்து பேர் காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறிக்கொண்டிருந்தது. மழை தவறியதற்கும் யாரோ வீட்டு மாடு செத்ததற்கும்கூட அப்போதே காரணம் கிடைத்துவிட்ட மாதிரி சிலர் பேசினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் தலை குனிந்து ஓரமாக நின்றார்.

யாரும் கேட்பதற்கு முன் நான் எழுந்தேன். "அக்கா மேல எந்தத் தப்பும் இல்லைங்க. கூட்டிக்கிட்டு வந்தவ நான். தடுக்கணும்னா என்னைத் தடுங்க. இனிமே நான் இந்தக் காட்டுக்கு வரல. அக்கா முறையை மட்டும் எடுத்துடாதீங்க" என்றேன். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

நாட்டாமை என்னைக் கையமர்த்தினார். "உன்ன எதுக்குமா தடுக்கணும்? அந்த ஆளு மறைச்சிட்டுப் போலாம்னு பாத்தாரு, நீ வந்து உள்ளத சொன்ன. நாளைக்கும் நீ வரலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா இனிமே எந்தக் கூட்டத்தையும் கூட்டிக்கினு வராத." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ இன்னாமா சொல்ற?"

அக்கா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, குரலும் உடையவில்லை. "தெரியாம நடந்திருந்தா வேற. எனக்குத் தெரிஞ்சி போச்சி. முறைய அடுத்த ஊட்டுக்குக் குடுத்துடுங்க" என்றார். ஊர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தது போல. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு விபூதி கொடுத்தார்கள். எதை இழக்கப்போகிறேன் என்று காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தேனோ அது பத்திரமாக என் கையில் இருந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நிறைவு நாளன்று விழுப்புரம் ஹாலில் சார் பேசுவதாக இருந்தது. மேடைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, வேறெதுவும் பேசாமல் இறங்கிவிட்டார். ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்கு நான்தான் போனேன். "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். மன்னிக்கிற உரிமை எனக்கில்லை என்று சொன்னேன். சாரிடம் நான் முதன்முதலாக இல்லை என்று சொன்னது அன்றுதான்.

சித்திரைத் திருவிழாவுக்கு நான் போகவில்லை. முடிந்து சில வாரம் கழித்துத்தான் துணி டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காட்டுக்கு அக்கா வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கூப்பிட்டுவிட்டார்.

"எம்மேல கோவமா அக்கா?" என்று கேட்டேன்.

"கோவந்தான்" என்றார் பட்டென்று. உதறிய துணியைக் கொடியில் போட்டு இழுத்துவிட்டார். "அடுத்த சுத்து வர்றப்ப நான் இருக்கனோ இல்லியோ. எனக்குத்தான் போச்சி. உனக்கும் எதுக்குப் போவணும்? போ, போயி வேலையப் பாரு."

போனேன். எஃகு பாலை மரத்தில் அப்படியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. இன்றும் மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், அவர் வாசலைத் தாண்டி.